மணி ஒலிக்காத திசையிலிருந்து வரும் புகையிரதம்: கடவைகளுக்கான வேக விதி எமக்கு ஏன் அவசியம்?

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 14 ஆம் திகதி இணுவிலில் புகையிரதக் கடவையைக் கடக்க முற்பட்ட வான் ஒன்றைப் புகையிரதம் மோதியதில் ஒரு தந்தையும் அவருடைய பச்சிளம் பெண் குழந்தையும் உயிரிழந்தனர். குடாநாட்டையே உலுக்கிய அந்தத் துயரத்தையடுத்து, பாதுகாப்பான கடவை வேண்டுமென்று ஊர் மக்கள் திரண்டு குரல் எழுப்பினர். அதற்கு முன்னர் 2021 மார்ச் 16 ஆம் திகதி தலைமன்னாரில் பேருந்து ஒன்று புகையிரதத்துடன் மோதுண்டதில் மாணவர் ஒருவர் பலியானார். 20 இற்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். தெற்கே 2005 ஏப்ரல் 27 ஆம் திகதி பொல்காவலைக்கு அண்மையில் யாங்கல்மோதரைக் கடவையில் பேருந்து ஒன்று புகையிரதத்தின் முன் அகப்பட்டபோது 30 இற்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. இவையாவும் வழமையான திசையில், வழமையான ஓட்டத்தில் வந்த புகையிரதங்களால் நிகழ்ந்தவை. அவற்றையே தடுக்க இயலாத நிலையில், வழமைக்கு மாறாக நகரும் புகையிரதங்களைப் பற்றிப் பேசுவதில் என்ன பயன் என்று சிலர் வினவக்கூடும்.

பயன் உண்டு என்பதே எமது நிலைப்பாடு. கடவையின் மணியும் விளக்கும் தடையும் ஒரு குறித்த முறையில் வரும் புகையிரதத்தை எதிர்பார்த்தே அமைக்கப்படுகின்றன. அம்முறைக்குப் புறம்பாகப் புகையிரதம் ஒன்று நகரும்போது, அந்தக் கருவிகளை நம்பிக் கடக்கும் மனிதனுக்கு அவை பாதுகாப்பளிப்பதில்லை. சில வேளைகளில் அவை அவனைத் தவறாக வழிநடத்தவும் செய்கின்றன. அந்த இடைவெளியை நிரப்புவதற்கு இருப்பது ஒன்றேயொன்றுதான். அது புகையிரதத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விதி. அந்த விதி எவ்வாறு அமைகின்றது, பிற நாடுகள் அதனை எவ்வாறு வகுத்துள்ளன, குடாநாட்டில் அதன் தேவை என்ன என்பவற்றை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

எதிர்த்திசை நகர்வு என்பது யாது?

இரட்டைப் பாதையுள்ள இடங்களில் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஒரு திசை உண்டு. கொழும்பிலிருந்து பொல்காவலை ஊடாக ரம்புக்கனை வரையிலான பகுதியை இதற்கு உதாரணமாகக் கூறலாம். போகும் புகையிரதம் ஒரு பாதையிலும் வரும் புகையிரதம் மறு பாதையிலும் ஓடும். சமிக்ஞைகள், கடவை மணிகள் ஆகிய அனைத்தும் அந்தத் திசைக்கு ஏற்பவே நாட்டப்பட்டிருக்கும். ஒரு பாதையில் விபத்தோ திருத்தவேலையோ ஏற்பட்டுவிட்டால், மறு பாதையிலேயே இரு திசைப் புகையிரதங்களையும் மாறி மாறி அனுப்ப வேண்டியதாகின்றது. அவ்வேளையில் ஒரு பாதையில் அதற்குரிய திசைக்கு எதிராகப் புகையிரதம் ஓடுவதையே எதிர்த்திசை நகர்வு என்கின்றனர்.

எமது குடாநாட்டுக்கு வரும் வடக்குப் பாதை ஒற்றைப் பாதையாகும். ஆனையிறவிலிருந்து காங்கேசன்துறை வரை இரு திசைக்கும் அதே தண்டவாளந்தான். எனவே இங்கு எதிர்த்திசை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தோன்றலாம். அத்தோற்றம் முழுமையான உண்மையன்று. ஒற்றைப் பாதையிலும் கருவிகள் எதிர்பாராத நகர்வுகள் உண்டு. அவற்றை நான்கு வகையாக நோக்கலாம்.

முதலாவது, கடவையைத் தாண்டிச் சென்ற புகையிரதம் ஏதோவொரு காரணத்தால் நின்று பின்னோக்கி வருதல். இயந்திரம் பழுதடைதல், முன்னால் மரம் வீழ்ந்து கிடத்தல், மேடையைக் கடந்து நிறுத்திவிடுதல் முதலியன இதற்குக் காரணமாகலாம். இரண்டாவது, திருத்தவேலைக்காக மூடப்பட்ட பகுதியில் கல் ஏற்றிய வண்டிகளும் ட்ரொலிகளும் ஒரு நிலையத்திலிருந்து புறப்பட்டு இடைவழியில் வேலை செய்துவிட்டு அதே நிலையத்துக்குத் திரும்புதல். மூன்றாவது, சமிக்ஞை செயலிழந்தபோது எழுத்துமூல அனுமதியுடன் சிவப்பு விளக்கைக் கடந்து செல்லுதல். நான்காவது, நிலைய எல்லைக்குள் இயந்திரத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மாற்றும்போது அண்மையிலுள்ள கடவையின் மேல் முன்னும் பின்னுமாக நகருதல். இவை நாள்தோறும் நிகழ்பவையல்ல. எனினும் நிகழும்போது, கடவையில் நிற்பவர் அதனை எதிர்பார்த்திருப்பதில்லை.

மணி எவ்வாறு அறிகின்றது?

தன்னியக்கக் கடவை மணிக்குக் கண்ணில்லை. தண்டவாளத்தின் ஒரு குறித்த இடத்தைப் புகையிரதத்தின் சில்லுகள் தொட்டதும் அது ஒலிக்கத் தொடங்குகின்றது. தண்டவாளங்களினூடாகச் செலுத்தப்படும் மெல்லிய மின்னோட்டத்தைச் சில்லுகளும் அச்சும் இணைத்துவிடுவதன் மூலமோ, கடந்து செல்லும் அச்சுகளை எண்ணும் கருவியின் மூலமோ இந்த அறிவிப்புக் கிடைக்கின்றது. புகையிரதம் கடவையைக் கடந்து முடிந்ததும் மணி நின்றுவிட வேண்டும். இல்லாவிடின், சென்றுவிட்ட புகையிரதத்துக்காக மக்கள் வீணே காத்திருக்க நேரும். நாளடைவில் மணியையே மதியாத பழக்கமும் ஏற்பட்டுவிடும்.

ஒற்றைப் பாதையில் இங்கேதான் ஒரு சிக்கல் எழுகின்றது. கடவையின் இரு புறத்திலும் உணர்விடங்கள் உள்ளன. கொழும்பிலிருந்து வரும் புகையிரதம் முதலாவது உணர்விடத்தைத் தொட்டதும் மணி ஒலிக்கின்றது. அது கடவையைத் தாண்டி மறுபுறத்து உணர்விடத்தை நோக்கிச் செல்லும்போது, அதனைப் புதிதாக வரும் புகையிரதமாகக் கருவி கருதிவிடக் கூடாது. ஆகவே கடந்து செல்லும் புகையிரதத்துக்காக மறுபுறத்து எச்சரிக்கை தற்காலிகமாக அடக்கி வைக்கப்படுகின்றது. அந்த நிலையில் புகையிரதம் முழுமையாக விலகிச் செல்லாது நின்று, பின்னோக்கி வரத் தொடங்கினால், கருவியின் அமைப்பைப் பொறுத்து மணி தாமதித்தே ஒலிக்கலாம், ஒலிக்காமலும் விடலாம். கடவையில் காத்திருந்தவரோ மணி ஓய்ந்ததைக் கேட்டு, புகையிரதம் போய்விட்டது என்று நம்பி வண்டியைச் செலுத்துகின்றார். அடுத்த ஆபத்து வரக்கூடுமென்று அவர் பார்க்கும் திசையும் வேறாக இருக்கும்.

ட்ரொலிகளின் நிலை இதனினும் பாரதூரமானது. இந்தியாவில் பாதைப் பரிசோதனைக்குப் பயன்படும் ட்ரொலிகளின் சில்லுகள் மின் காப்பிடப்பட்டவை. சமிக்ஞைகளைக் குழப்பாதிருப்பதற்கான ஏற்பாடு அது. அதே காரணத்தினால் மின்னோட்டத்தை நம்பியிருக்கும் மணியும் அவற்றை உணராது. நீண்ட நாட்கள் புகையிரதம் ஓடாத தண்டவாளத்தில் படியும் துருவும் மின்னோட்டத்தைத் தடுக்கக்கூடியது என்பதைப் பொறியியலாளர் நன்கறிவர்.

ஆளுள்ள கடவையிலும் இப்பிரச்சினை தீர்ந்துவிடுவதில்லை. தடை மூடப்பட்டாலன்றிச் சமிக்ஞை பச்சையாக மாறாதவாறு இரண்டையும் பிணைத்து வைக்கும் ஏற்பாடு சிறந்ததொரு பாதுகாப்பு. ஆயினும் அந்தச் சமிக்ஞை சாரதியின் முகத்தை நோக்கி இருக்கும்போது மட்டுமே அது பயன் தரும். பின்னோக்கி வரும் புகையிரதத்துக்கு அந்தச் சமிக்ஞையின் முதுகுதான் தெரியும். அப்போது காப்பாளருக்குக் கிடைக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமே மீதமுள்ள பாதுகாப்பாகின்றது. அந்த அழைப்பும் தவறினால்?

வேகம் என்பது நேரத்தின் கணக்கு

இதனை ஒரு சிறு கணக்கின் மூலம் விளங்கிக் கொள்ளலாம். அமெரிக்கச் சட்டவிதிகளின்படி, தன்னியக்க எச்சரிக்கை ஆகக் குறைந்தது 20 செக்கன்கள் ஒலித்த பின்னரே புகையிரதம் கடவையை அடைய வேண்டும். மணிக்கு 100 கிலோ மீற்றர் வேகத்தில் வரும் புகையிரதம் ஒரு செக்கனில் ஏறக்குறைய 28 மீற்றர் தூரத்தைக் கடக்கின்றது. 20 செக்கன்களில் அது 556 மீற்றர். எனவே அந்த வேகத்துக்கு உணர்விடம் கடவையிலிருந்து அரைக் கிலோ மீற்றருக்கும் அப்பால் இருக்க வேண்டும்.

இனி, பின்னோக்கி வரும் புகையிரதம் ஒன்று கடவையிலிருந்து 60 மீற்றர் தூரத்தில் இருக்கும்போதுதான் மணி மீண்டும் ஒலிக்கத் தொடங்குகின்றது என்று கொள்வோம். அதே 20 செக்கன்களை வழங்க வேண்டுமாயின், அதன் வேகம் மணிக்கு 11 கிலோ மீற்றரை விஞ்சக் கூடாது. 25 மீற்றர் தூரத்தில்தான் மணி ஒலிக்கின்றது என்றால், வேகம் மணிக்கு 4.5 கிலோ மீற்றருக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அது மனிதன் நடந்து செல்லும் வேகமேயன்றி வேறில்லை. மணி ஒலிக்கவே மாட்டாது என்றால், எந்த வேகமும் பாதுகாப்பானதன்று. புகையிரதம் கடவைக்கு முன்னால் நின்றேயாக வேண்டும்.

20 செக்கன்கள் என்பது தாராளமான நேரமுமன்று. இழுவைப் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம் ஒன்று 15 மீற்றர் நீளமுடையதென்றும், கடவையின் ஆபத்தான பரப்பு 10 மீற்றர் என்றும் கொண்டால், நடை வேகத்தில் அது முழுவதுமாகக் கடந்து முடிய ஏறக்குறைய 18 செக்கன்கள் தேவை. நெல்லோ வெங்காயமோ ஏற்றி, மேடான கடவையில் முனகிக்கொண்டு ஏறும் உழவு இயந்திரத்துக்கு அதனினும் கூடிய நேரம் பிடிக்கும்.

நேரக் கணக்குப் பிழைத்தால் நேர்வது என்ன என்பதற்கு இங்கிலாந்தின் ஹிக்சன் விபத்து வரலாற்றுச் சான்றாக உள்ளது. 1968 ஜனவரி 6 ஆம் திகதி 120 தொன் மின்மாற்றி ஒன்றை ஏற்றிய நீண்ட பாரவூர்தி, தன்னியக்க அரைத் தடைகள் பொருத்தப்பட்ட கடவையை மிக மெதுவாகக் கடந்து கொண்டிருந்தது. அங்கு எச்சரிக்கை தொடங்கிப் புகையிரதம் வந்து சேர 24 செக்கன்களே இருந்தன. பாரவூர்தி விலகி முடிவதற்குள் கடுகதிப் புகையிரதம் அதனை மோதியது. 11 பேர் உயிரிழந்தனர். கடவையிலிருந்த தொலைபேசி மூலம் முன்கூட்டியே அறிவித்திருந்தால் அந்த விபத்தைத் தவிர்த்திருக்கலாம். கருவி அன்று பழுதடைந்திருக்கவில்லை. அது எதிர்பார்த்த வகையிலான வாகனம் அங்கு இருக்கவில்லை என்பதே விபத்துக்குக் காரணமாயிற்று. எதிர்த்திசை நகர்விலும் இதே நிலைதான். அங்கே கருவி எதிர்பாராதது புகையிரதம்.

பிற நாடுகளின் விதிகள்

அமெரிக்காவில் கடவையின் எச்சரிக்கைக் கருவி செயலிழந்ததாக அறிவிக்கப்பட்டால், புகையிரதத்துக்கான கட்டளை படிமுறையாக அமைந்துள்ளது. வீதியின் ஒவ்வொரு திசைக்கும் கொடி காட்டி வாகனங்களை நிறுத்த ஆள் நிறுத்தப்பட்டிருந்தாலோ, சீருடைப் பொலிஸார் கடமையில் இருந்தாலோ, வழமையான வேகத்தில் செல்லலாம். ஆள் இருந்தும் எல்லாத் திசைகளுக்கும் போதாதெனின், மணிக்கு 15 மைல், அதாவது ஏறக்குறைய 24 கிலோ மீற்றர் வேகத்தை விஞ்சாது கடவையை அணுக வேண்டும். எவருமே இல்லையெனின், புகையிரதம் கடவைக்கு முன்னால் நின்று, ஊழியர் ஒருவர் இறங்கி வாகனங்களைத் தடுத்த பின்னரே நகர வேண்டும். அந்நாட்டின் பல புகையிரத நிறுவனங்கள் பின்பற்றும் இயக்க விதிநூலில் இன்னுமொரு முக்கிய ஏற்பாடும் உண்டு. கடவையிலிருந்து 3,000 அடிக்குள் நின்றுவிட்ட புகையிரதம் மீண்டும் புறப்படும்போது, எச்சரிக்கை போதிய நேரம் இயங்கி, தடைகள் முழுமையாகக் கீழிறங்கும் வரை கடவைக்குள் நுழையக் கூடாது. மணி ஒலிக்கும் என்ற நம்பிக்கையில் செல்லலாகாது. ஒலிப்பதைக் கண்ட பின்னரே செல்ல வேண்டும் என்பதே இதன் பொருள்.

அயல் நாடாகிய இந்தியாவில், இரட்டைப் பாதையின் ஒன்று தடைப்பட்டு மற்றையதில் தற்காலிகமாக இரு திசைக்கும் புகையிரதங்கள் அனுப்பப்படும்போது, முதலாவது புகையிரதம் மணிக்கு 25 கிலோ மீற்றர் வேகத்துக்கு மட்டுப்படுத்தப்படுகின்றது. அதன் சாரதி வழியிலுள்ள கடவைக் காப்பாளர்களுக்கும் பாதைத் தொழிலாளர்களுக்கும் நிலைமையை அறிவித்துக்கொண்டே செல்ல வேண்டும். பின்வரும் புகையிரதங்கள் வழமையான வேகத்தில் செல்லலாம். முதல் புகையிரதத்தின் மெதுவான ஓட்டமே ஊர் ஊராகச் சொல்லப்படும் அறிவித்தலாக அமைகின்றது. கடவைக்குரிய சமிக்ஞை சிவப்பாக இருப்பின், அதற்கென வகுக்கப்பட்ட இடங்களில் பகலில் ஒரு நிமிடமும் இரவில் இரண்டு நிமிடங்களும் காத்திருந்து, ஊதலெழுப்பி, எச்சரிக்கையுடன் கடவை வரை சென்று நிற்க வேண்டும். காப்பாளர் இல்லாவிடின், புகையிரத ஊழியரே தடையை மூடிய பின்னர்தான் கடக்கலாம்.

அகலப் பாதைகளில் ஆளில்லாக் கடவைகள் அனைத்தையும் 2019 ஜனவரியுடன் அகற்றிவிட்டதாக இந்தியா அறிவித்தது. ஆயினும் 2025 ஜூலை 8 ஆம் திகதி தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் செம்மங்குப்பம் கடவையில் பாடசாலை வானைப் புகையிரதம் மோதியதில் மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அது ஆளுள்ள கடவை. ஆனால் தடையும் சமிக்ஞையும் ஒன்றோடொன்று பிணைக்கப்படாத கடவை. ஆளை நிறுத்துவது மட்டும் போதாது, ஆளின் தவறையும் தாங்கக்கூடிய ஏற்பாடு வேண்டும் என்ற பாடத்தைச் செம்மங்குப்பம் கசப்பாகக் கற்பித்துள்ளது.

குடாநாட்டின் தனித்துவமான நிலை

காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் 1902 இல் தொடங்கிய புகையிரதம், 1905 இல் தென்னிலங்கையுடன் இணைக்கப்பட்டது. அன்று முதல் 'கோச்சி' என்று முதியோரால் அழைக்கப்பட்டு, எமது சமூக வாழ்வின் ஓர் அங்கமாகவே அது விளங்கியது. 1990 ஜூனில் அந்த ஓட்டம் நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் தமது பூர்வீக மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். யுத்த காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்கு குழிகளுக்குச் சென்றன. பாதையின் தடம் பல இடங்களில் ஒற்றையடிப் பாதையாகவும் வண்டிப் பாதையாகவும் மாறியது. 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை வந்தடைந்தபோதும், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை சேவை நீடிக்கப்பட்டபோதும், 24 ஆண்டுகளாகப் புகையிரதத்தையே காணாது வளர்ந்த ஒரு தலைமுறை அதன் முன்னால் நின்றது. நீண்ட இடப்பெயர்வின் பின்னர் மீள்குடியேறிய தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கும் பாதை புதியது; அதன் வேகமும் புதியது. இந்திய நிறுவனமாகிய இர்கொன் மீளமைத்த பாதை, பழைய யாழ்தேவி அறியாத வேகத்துக்காகக் கட்டப்பட்டது.

நில அமைப்பும் எமக்குச் சாதகமாக இல்லை. கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரிப் பகுதிகளில் பாதை ஏ-9 வீதிக்கு அண்மையில், அதற்குச் சமாந்தரமாகச் செல்கின்றது. கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை வழியே காங்கேசன்துறை வீதிக்கு அண்மையில் செல்கின்றது. பிரதான வீதியிலிருந்து ஒழுங்கைக்குள் திரும்பும் வாகனம் சில மீற்றர்களுக்குள்ளேயே தண்டவாளத்தில் ஏறிவிடுகின்றது. ஒழுங்கையிலிருந்து பிரதான வீதியில் ஏறக் காத்திருக்கும் வாகனத்தின் பின்பகுதி தண்டவாளத்தின் மேல் நிற்கும் காட்சியும் அபூர்வமானதன்று. மதில்களும் வேலிகளும் பனை வடலிகளும் பார்வையை மறைக்கின்றன. இத்தகைய இடத்தில் கடப்பவர் கண்ணை நம்ப இயலாது. காதை நம்புகின்றார், அல்லது நேரசூசியை நம்புகின்றார். "காலைக் கோச்சி போய்விட்டது, இனி மத்தியானந்தான்" என்பது எமது ஊர்களில் எழுதப்படாத விதி. அட்டவணைக்குப் புறம்பான எந்த நகர்வும் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கி விடுகின்றது.

இவ்வாறான நகர்வுகள் அதிகரிக்கும் காலங்களும் உண்டு. 2023 ஜனவரியில் அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையிலான பாதை புனரமைப்புக்காக மூடப்பட்டு, பல மாதங்களின் பின்னர் மீளத் திறக்கப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் நாட்டின் புகையிரதச் சேவைகள் பெரிதும் சீர்குலைந்தன. சேவை தடைப்பட்டிருக்கும் நாட்களில் மக்கள் பாதையை வெறுமையானதென்று கருதப் பழகிவிடுகின்றனர். அந்த நாட்களிலேதான் பரிசோதனை வண்டிகளும் திருத்தவேலைப் புகையிரதங்களும் நேரம் குறிக்கப்படாமல், எத்திசையிலிருந்தும் வருகின்றன. ஆபத்து மிகுந்த வேளையும் அவதானம் குறைந்த வேளையும் ஒன்றாகிவிடுகின்றன என்பதை அதிகாரிகள் கருத்திற் கொள்ள வேண்டும்.

இது குடாநாட்டுக்கு மட்டுமுரிய பிரச்சினையன்று. ஏறாவூர், வாழைச்சேனை ஊடாகச் செல்லும் மட்டக்களப்புப் பாதையிலும், மடு, முருங்கன் வழியே செல்லும் தலைமன்னார்ப் பாதையிலும் இதே ஒற்றைத் தண்டவாளமும் இதே கடவைகளும் உள்ளன. பாடசாலை விடும் நேரம், ஜும்ஆத் தொழுகை முடியும் நேரம், கோவில் திருவிழாக் காலம் ஆகியவற்றில் கடவைகளில் திரளும் கூட்டம், புகையிரத அட்டவணையைப் பார்த்துத் திரள்வதில்லை.

காப்பாளரின் கதி

பாதுகாப்பற்ற கடவைகள் பலவற்றில் பொலிஸாரின் ஊடாக அமர்த்தப்பட்ட தற்காலிகக் காப்பாளர்கள், நாளொன்றுக்கு 250 ரூபா என்ற கொடுப்பனவுடன் ஆண்டுக்கணக்கில் கடமையாற்றி வந்ததையும், நிரந்தர நியமனம் கோரி அவர்கள் வடக்கில் பல தடவைகள் போராடியதையும் வாசகர்கள் அறிவர். எதிர்த்திசை நகர்வு நிகழும் வேளையில் இறுதிப் பாதுகாப்பு இந்த மனிதரே. புகையிரதம் புறப்படுவதைப் பற்றிய அறிவித்தல் நிலைய அதிபரிடமிருந்து அவருக்கு நேரடியாகக் கிடைக்க வேண்டும். கையில் சிவப்புக் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் இருக்க வேண்டும். அவற்றைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும். ஒரு நாட்கூலிக்காரரின் செவிவழி அனுபவத்தில் ஒரு பேருந்து நிறைந்த உயிர்களை ஒப்படைத்துவிட்டு, விபத்து நேர்ந்த பின்னர் அவர் மீது பழியைச் சுமத்துவது நியாயமாகாது.

செய்ய வேண்டியவை யாவை?

முதலாவதாக, மணியோ தடையோ தன்னியக்கமாக இயங்கும் என்று உறுதிப்படுத்த முடியாத எந்த நகர்விலும், புகையிரதம் கடவைக்கு முன்னால் முற்றாக நிற்க வேண்டும். ஊழியர் ஒருவர் இறங்கி வீதியின் இரு புறத்தையும் தடுக்க வேண்டும். அதன் பின்னரே நடை வேகத்தில் கடக்க வேண்டும். காப்பாளருக்கு அறிவிக்கப்பட்டு அவர் கடமையில் இருப்பது உறுதியானால் மட்டும் அதனிலும் சற்றுக் கூடிய வேகத்தை அனுமதிக்கலாம். இந்த விதி திணைக்களத்தின் உள்ளகச் சுற்றறிக்கையோடு நின்றுவிடாது, தமிழிலும் சிங்களத்திலும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். சாரதி என்ன செய்யக் கடமைப்பட்டவர் என்பதை ஊர் மக்கள் அறிந்திருந்தால்தான், அது மீறப்படும்போது முறையிட முடியும்.

இரண்டாவதாக, பின்னோக்கித் தள்ளப்படும் புகையிரதத்தின் முன்செல்லும் முனையில், பாதையைப் பார்த்து உடனடியாகத் தடுக்கக்கூடிய ஊழியர் ஒருவர் இருத்தல் வேண்டும். இயந்திரம் பின்னால் இருக்கையில், கடவையில் நிற்கும் வாகனத்தைச் சாரதி காணவே முடியாது.

மூன்றாவதாக, ஒவ்வொரு கடவையிலும் அதன் இலக்கமும் அவசரத் தொலைபேசி எண்ணும் எழுதப்பட்ட பலகை நாட்டப்பட வேண்டும். அமெரிக்காவில் கடவைகள்தோறும் நீல நிறப் பலகைகளில் இந்த விபரம் உள்ளது. தண்டவாளத்தில் வாகனம் சிக்கிக் கொண்டாலும், மணி பழுதடைந்தாலும் உடனே அறிவிக்க அது உதவுகின்றது. இங்கு அந்த அழைப்புக்குத் தமிழில் பதிலளிப்பவர் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்க வேண்டியது இன்றியமையாதது. ஆபத்து வேளையில் மொழிபெயர்ப்பாளரைத் தேட அவகாசமில்லை.

நான்காவதாக, திருத்தவேலைகளும் பரிசோதனை ஓட்டங்களும் நடைபெறும் நாட்களை முன்கூட்டியே பிரதேச சபைகள், பாடசாலைகள், கோவில்கள், பள்ளிவாசல்கள் ஊடாக மக்களுக்கு அறிவிக்க வேண்டும். ஒலிபெருக்கியில் கூறப்படும் ஓரிரு வசனங்களுக்குச் செலவு எதுவுமில்லை.

இவற்றினால் புகையிரதங்கள் தாமதிக்கும் என்ற ஆட்சேபம் எழலாம். ஒவ்வொரு புகையிரதமும் ஒவ்வொரு கடவையிலும் நிற்க வேண்டுமென்று நாம் கோரவில்லை. அவ்வாறு செய்தால் யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை செல்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். வழமையான ஓட்டத்துக்குத் தேவை, சரியாக இயங்கும் மணியும் தடையுமே. நாம் கூறுவது அரிதாக நிகழும் நகர்வுகளுக்கான விதியை. அவற்றில் ஒரு கடவைக்கு மூன்று, நான்கு நிமிடங்கள் செலவாகலாம். ஏற்கனவே பழுதடைந்தோ தடைப்பட்டோ தாமதித்துவிட்ட புகையிரதத்துக்கு அந்த நிமிடங்கள் ஒரு பொருட்டல்ல.

வீதியைப் பயன்படுத்துவோருக்கும் கடமை உண்டு. புகையிரதம் கடந்தவுடன் மணி ஓய்ந்துவிட்டது என்பதனால் மட்டும் பாதை வெறுமையாகிவிடாது. இரு புறமும் பார்த்து, சென்ற புகையிரதம் உண்மையிலேயே விலகிச் சென்றுவிட்டதா என்பதை உறுதிசெய்த பின்னரே கடக்க வேண்டும். தண்டவாளத்துக்கு அப்பால் தமது வாகனம் முழுமையாக நிற்க இடம் உண்டா என்பதைக் காணாது கடவையில் ஏறக் கூடாது. தலைக்கவசத்துக்குள் கைத்தொலைபேசியைச் செருகிப் பேசிக்கொண்டு கடவையைக் கடக்கும் இளைஞர்களுக்குப் பெற்றோரும் ஆசிரியர்களும் இதனை எடுத்துரைக்க வேண்டும்.

எனினும் மக்களின் கவனயீனத்தைக் காரணங்காட்டி அதிகாரிகள் தமது பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது. நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள ஒன்றை, எவரும் எதிர்பாராத திசையில் நகர்த்துபவரே முதலில் நின்று பார்க்கக் கடமைப்பட்டவர். புகையிரதத் திணைக்களமும் போக்குவரத்து அமைச்சும் வடக்கு, கிழக்குப் பாதைகளிலுள்ள ஒவ்வொரு கடவையையும் இந்த நோக்கில் பரிசீலித்து, பின்னோக்கிய நகர்வின்போது எந்த இடத்தில் மணி ஒலிக்கின்றது, எந்த இடத்தில் ஒலிக்கவில்லை என்பதைப் பரிசோதித்து, அதன் பெறுபேறுகளை வெளியிட வேண்டும். எமது மக்கள் பிரதிநிதிகள் இக்கோரிக்கையைப் பாராளுமன்றத்திலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களிலும் தாமதமின்றி முன்வைப்பார்கள் என எதிர்பார்க்கின்றோம்.